சாமி படத்துக்கு எந்தத் தொட்டி?

நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தோடு ஒரு புகைப்படமும் இருந்தது. மழையில் நனைந்த நடைபாதை, பழைய காகிதம் போடும் தொட்டியின் கரிய இரும்பு உடல், அதில் சாய்ந்தபடி எங்கள் வீட்டு முருகன். தகப்பன் மடியில் அமர்ந்து காதோடு காதாக உபதேசம் செய்யும் சுவாமிமலை முருகன் அவர். கும்பகோணத்துப் பாத்திரக்கடை ஒன்று வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த தினசரி காலண்டரின் அட்டை அது. வருடம் முழுவதும் கிழித்தது போக, டிசம்பர் 31 மட்டும் தகரப் பட்டையில் ஒட்டிக்கொண்டு காற்றில் படபடத்த நிலையில் படத்தில் விழுந்திருந்தது. இன்ன தேதியில் இன்ன நேரத்தில் குப்பையைத் தொட்டிக்குள் போடாமல் தொட்டியருகே வைத்த குற்றத்துக்காக அபராதம் செலுத்த வேண்டும் என்று கடிதம் மிகுந்த மரியாதையோடு சொன்னது.

இப்படி வெளியே வைப்பதற்கு டச்சு மொழியில் ‘பைப்ளாட்ஸிங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘அருகில் வைத்தல்’ என்பதுதான் பொருள். நானோ அதிலுள்ள ‘பை’யை நம்முடைய பை என்றே நினைத்துக்கொண்டு, நான் பை எதுவும் வைக்கவில்லையே என்று என் கணவரிடம் கால் மணி நேரம் வாதாடினேன். காட்டிக்கொடுத்தது பையல்ல, பத்திரிகை. காலண்டரோடு ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகைகளையும் வைத்திருந்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உச்சியில் பிள்ளையார் அச்சிட்டு, உற்றார் பெயர்கள் இரண்டு பக்கம் நிறைந்த பத்திரிகைகள். அவற்றுள் ஒன்று மன்னார்குடியிலிருந்து சித்தப்பா தபாலில் அனுப்பியது. உறையின் மேல் எங்கள் நெதர்லாந்து முகவரியை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் முத்து முத்தாக எழுதியிருந்தார். ஆறு ஆண்டுகளாக நான் மெச்சிக்கொண்டிருந்த கையெழுத்து அது.

அன்றைக்குப் போகி. பழையதைக் கழிக்கும் நாள் என்பது மட்டும் ஊரை விட்டு வந்த பிறகும் மனத்திலிருந்து போகவில்லை. இங்கே தெருவில் கொளுத்த முடியாது. எனவே செங்குத்தான மாடிப்படியில் ஏறி இறங்கி, பரணிலிருந்த செருப்புப் பெட்டிகள், விளம்பரத் தாள்கள், மகள் கிறுக்கித் தள்ளிய காகிதங்கள் எல்லாவற்றையும் இரண்டு நடையாகச் சுமந்து வந்து தொட்டிக்குள் போட்டேன். கடைசியில் முருகனும் பத்திரிகைகளும் மிஞ்சின. தொட்டியின் வாய் போதுமான அகலந்தான். எனக்குத்தான் கை போகவில்லை. அட்டை காகிதம் என்றால், மேலேயிருக்கும் பட்டை தகரம். முருகனின் வேலிலும் மயிலின் தோகையிலும் ஒட்டியிருந்த மினுமினுப்பு பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். மூன்றிலும் சேராததற்கு இந்த ஊரில் ‘மிச்சக் குப்பை’ என்று ஒரு வகை உண்டு. முருகனை மிச்சத்தில் சேர்ப்பதா? மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்ட அந்தத் தெருவில், தூறலில், இருபுறமும் பார்த்துவிட்டு, படம் தெரியும்படி தொட்டியில் சாய்த்து வைத்தேன். பத்திரிகைக் கட்டை அவர் காலடியில் வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இதற்கு யோசனையே தேவைப்பட்டதில்லை. அரசலாற்றங்கரையில் எங்கள் தெரு முடியும் இடத்தில் ஓர் அரசமரம், அடியில் பிள்ளையார், சுற்றிலும் நாகர் கற்கள். கண்ணாடி உடைந்த லட்சுமி, கரையான் அரித்த ராமர் பட்டாபிஷேகம், மூக்கு உடைந்த மண் பிள்ளையார், யார் வீட்டிலோ காலமானவர் கும்பிட்டு வந்த சாயிபாபா என்று ஒரு கூட்டமே அந்த மரத்தில் சாய்ந்திருக்கும். வெயிலிலும் மழையிலும் நிறம் வெளுத்து முதலில் மஞ்சள் போகும், பிறகு சிவப்பு. நீலம் மட்டும் கடைசி வரை நிற்பதால் எல்லாத் தெய்வங்களும் ஒரு கட்டத்தில் கிருஷ்ணராகிவிடும். அட்டையை ஆடு மேய்ந்துவிட, சட்டம் மட்டும் நிற்கும். ஒரு நாள் அதுவும் இராது. யார் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வெறுங்கையோடு யாரோ ஒருவர் குனிந்து அள்ளியிருக்க வேண்டும் என்பதே இங்கு வந்து, தொட்டிக்கு முன் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

மரத்துக்கு ஒவ்வாததை ஆறு வாங்கிக்கொண்டது. எங்கள் திருமணம் 2018 வைகாசியில் நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 19 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு, நான்கே நாளில் அணை நூற்றிருபது அடியை எட்டி, ஆடிப் பதினெட்டுக்கு அரசலாறு படித்துறையின் மேல்படி வரைக்கும் வந்து நின்றது. வெறும் மணலைப் பார்த்தே படைத்த ஆடிகளை அதற்கு முன் கண்டிருந்ததால் ஊரே கரைக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓட, பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துப் படைக்க, நானும் அவரும் மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்த கல்யாண மாலைகளை எடுத்துக்கொண்டு இறங்கினோம். இரண்டரை மாதத்தில் ரோஜா இதழ்கள் கறுத்துச் சுருண்டு டீத்தூளைப் போல உதிர்ந்தன. சரிகை நூல் மட்டும் அப்படியே பளபளத்தது. தண்ணீரில் விட்டவுடன் என்னுடையது சுழித்துக்கொண்டு காரைக்கால் பக்கம் கிளம்பிவிட, அவருடைய மாலை கீழ்ப்படியில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. “மாப்பிள்ளைக்கு ஊரை விட்டுப் போக மனசில்லை” என்று அத்தை சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். மறு ஆண்டு இங்கு வந்தோம்.

வந்த இடமும் டெல்டாதான். ரைன் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலைத் தேடும் சமவெளி. எங்கு திரும்பினாலும் வாய்க்கால், மதகு, கரை, அப்பால் பச்சை. முதல் வாரம் ரயில் சன்னலோரம் அமர்ந்து, இது பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இருப்பதுபோலத்தான் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். தண்ணீரை இவர்கள் ஆள்கிற நேர்த்தியைப் பார்க்கும்போது எங்கள் கடைமடை விவசாயிகளை நினைத்துப் பெருமூச்சு வருவதும் உண்மை. ஒரு குறை மட்டும் மெல்ல மெல்லத் தெரிந்தது. இவ்வளவு தண்ணீர் ஓடும் ஊரில் படித்துறை இல்லை. ஓரத்தில் நின்று பார்க்கலாம், படகு விடலாம், கோடையில் குதித்து நீந்தலாம். இறங்கி நின்று எதையாவது கொடுத்துவிட்டு வருவதற்கு மட்டும் வழியில்லை.

அபராதத்தை எதிர்த்து முறையிட ஆறு வாரம் அவகாசம் இருந்தது. முறையிடுவதென்று முடிவு செய்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குச் செலவிட்டேன். என் டச்சு மொழியில் மருத்துவரிடம் பேசலாம், பள்ளியில் ஆசிரியையிடம் சண்டைகூடப் போடலாம். ‘கால் படக் கூடாத பொருள்’ என்பதை எழுத முடியவில்லை. ‘மதிப்புமிக்க பொருள்’ என்று எழுதினால், பிறகு ஏன் தெருவில் வைத்தாய் என்று கேட்பார்கள். ‘புனிதப் பொருள்’ என்றால் அது குப்பையே அல்ல, அப்படியானால் குப்பைத் தொட்டியருகே என்ன வேலை? ஒரு பொருள் தேவைப்படாததாகவும் அதே நேரத்தில் வணங்கத்தக்கதாகவும் இருக்க முடியும் என்பதற்கு அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை. கோபத்தில் ஒரு பத்தி சரித்திரம் சேர்த்தேன். எங்கள் நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை உங்கள் நாட்டவர் கையில் இருந்தது. அதன் அருகேயுள்ள ஆனைமங்கலத்தைச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்குக் கொடுத்த சோழர் செப்பேடு, ஒரே வளையத்தில் கோத்த 21 ஏடுகள், உங்கள் லெய்டன் நகரின் பெயராலேயே இன்று அறியப்படுகிறது. எங்கள் ஊர்ச் செம்பை அவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டவர்கள் எங்கள் ஊர் அட்டைக்கு அபராதம் போடலாமா என்று கேட்டிருந்தேன். அச்சுப் பிரதியைப் படித்த கணவர், “முருகனுக்கு வக்கீல் வேண்டாம், பணத்தைக் கட்டிவிடுவோம்” என்றார். கட்டிவிட்டோம். ஆனால் அந்தப் பத்தியை இன்னும் அழிக்கவில்லை.

புகைப்படத்தையும் அழிக்கவில்லை. உண்மையில் அது அருமையான படம். சோதனைக்கு வந்த ஊழியர் குந்தி அமர்ந்து எடுத்திருக்க வேண்டும். முருகன் கண்ணுக்கு நேராக இருந்தார், நீர்த்துளிகள் வேலின் மேல் கல் பதித்தாற்போல் மின்னின. ஓரத்தில் கிடந்த உடைந்த நாற்காலிக் காலையும் குழந்தை நாப்கின் பெட்டியையும் வெட்டி நீக்கிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை, எந்த விளக்கமும் இல்லாமல் குடும்பக் குழுவில் போட்டேன். என் கோலத்துக்கும் சமையலுக்கும் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைத்தது. கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. “எந்த ஊர்க் கோயில்டி? கருங்கல் சுவரா இருக்கே, பழைய கோயிலா?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் துணிவில்லாமல் பேச்சை மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து, திருவாரூரிலிருக்கும் பெரியம்மா அனுப்பிய காலை வணக்கத்தில் எங்கள் தெருக் குப்பைத் தொட்டி திரும்பி வந்தது. நான்கு ஓரமும் ரோஜாப்பூ, மேலே ‘ஓம் சரவணபவ’, கீழே ‘இந்நாள் இனிய நாளாகட்டும்’.

அம்மாவின் காலை வணக்கம் இந்திய நேரம் ஐந்தரைக்குக் கிளம்பும். எனக்கு அப்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி, கோடையில் இரண்டு. திங்களுக்குச் சிவன், செவ்வாய்க்கு முருகன், சனிக்கிழமைக்குப் பெருமாள் என்று வார முறை தப்பாது. கைப்பேசியில் இடமில்லை என்ற எச்சரிக்கை வந்த ஓர் இரவு, உட்கார்ந்து நீக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டது கருவி. பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே ‘ஆம்’ என்று அழுத்த விரல் தயங்கியது. கடைசியில் தெய்வங்களை விட்டுவிட்டு, எங்கள் சுற்றுலாப் படங்களையும் மகளின் மங்கலான படங்களையும் நீக்கினேன். சாமி படம் நீங்காமலே கைப்பேசிக்கு இடம் கிடைத்துவிட்டது.

கோலத்தை நினைத்தால் எனக்குக் குழப்பம் இன்னும் கூடுகிறது. விடியலில் போட்டு, எறும்பு தின்று, மிதிபட்டு, மறுநாள் பெருக்கித் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுவது அது. வீட்டில் அடைசல் சேர்க்காத ஒரே கலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மா வாழ்நாளில் போட்ட கோலங்களில் எதுவும் மிஞ்சவில்லை, அவரும் அதற்காக வருந்தியதில்லை. இங்கே அரிசி மாவு மழையில் நிற்காததால், தெருப் பிள்ளைகள் நடைபாதையில் கிறுக்கும் தடித்த சாக்கட்டியால் போடுகிறேன். எதிர்வீட்டு மூதாட்டி முதல் நாள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். இப்போது, மார்கழியில் ஒரு நாள் விட்டுவிட்டால் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். ஆனால் நான் சாக்கட்டியைக் கீழே வைக்கும் முன்பே கைப்பேசியை எடுத்துவிடுகிறேன். நான்கு மார்கழிகளின் கோலங்கள், புள்ளி தப்பியவை உட்பட, என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

இதற்கிடையே, மீண்டும் அபராதம் வராமல் பொருள்களைக் கழிக்க வேண்டுமென்று, பழைய பொருள்களை வாங்கி விற்கும் கடைக்கு இரண்டு பெட்டிப் பாத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே மெழுகுவத்தித் தண்டுகளுக்கும் பூனைப் பொம்மைக்கும் இடையில், முதுகில் நான்கு யூரோ விலை ஒட்டிய பித்தளைப் பிள்ளையார் ஒருவர் அமர்ந்திருந்தார். விட்டுவிட்டு வர முடியுமா? வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தால் நாச்சியார்கோயில் விளக்கைப்போலப் பளிச்சென்று ஆகிவிட்டார்.

வீட்டில் மிஞ்சியிருந்த மற்றப் பழைய காலண்டர்களுக்கு வழியை அம்மாதான் சொன்னார்: “அங்க எங்கேயும் போடாத. ஊருக்கு வரும்போது எடுத்துக்கிட்டு வா.” அப்படித்தான், சென்ற ஆடிக்கு ஊருக்குக் கிளம்பியபோது என் பெட்டியின் இருபத்து மூன்று கிலோவில் சீஸும் சாக்லேட்டும் போக மிச்சமெல்லாம் பழைய தெய்வங்கள். அம்மா புதுக் காலண்டரைத் தயாராக வைத்திருந்தார்.

பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் மாலை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, துணிப்பையில் படங்களோடு அரசமரத்துக்குப் போனோம். மரம் இருந்தது, பிள்ளையாரும் இருந்தார். பிள்ளையாருக்குப் புதிதாக இரும்புக் கதவு போட்டிருந்தார்கள், தரைக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள், சுத்தமாகத்தான் இருந்தது. சாய்ந்திருந்த கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. மரத்தில் அறைந்திருந்த தகரப் பலகையில், நீலத்தில் வெள்ளை எழுத்தாக, ‘இங்கு பழைய சாமி படங்களை வைக்கக் கூடாது. மீறினால் அபராதம். கேமரா கண்காணிப்பில் உள்ளது’ என்று எழுதியிருந்தது. கேமராவைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

அம்மா பலகையை நிதானமாக வாசித்தார். ஆற்றுப் பக்கம் ஒருமுறை, தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பையை என்னிடமிருந்து வாங்கி, மரத்தின் பின்புறம் போய், முந்தானையால் தூசியைத் துடைத்து ஒவ்வொரு படமாகச் சாய்த்து வைத்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“பாட்டி, லெட்டர் வரும்.”