ஜென் வண்டியும் கிளாஸ் கணக்கும்: கடலூர் டைரி

ஜனவரி 12

டிராக் ரேஸ் (காலு மைல் நேர் ரோட்டுல ரெண்டு ரெண்டு வண்டியா ஓடுற ரேஸ்) ஓட ஆசைப்படுற அக்கா பையன் காலைலயே போன் பண்ணி மாமா இன்ஜின் கிடைச்சிடுச்சுன்னு கத்துறான். மாருதி எஸ்டீம்ல இருந்து எறக்கின ஜி13பிபி, 1298 சிசி, 16 வால்வு, கம்பெனி கணக்குல 85 எச்பி. அவன்கிட்ட இருக்கிறது பழைய ஜென், 993 சிசி, 50 எச்பி. ரெண்டும் சுசுகியோட ஒரே ஜி குடும்பம், அலுமினியம் பிளாக்கு, அதனால பெரிய வெட்டு ஒட்டு இல்லாம உள்ள உக்காந்துடும்னு மெக்கானிக் சொல்றார். எல்லாம் சரிடா, எந்த கிளாஸ்ல, அதாவது எந்த பிரிவுல, ஓடப்போறன்னு கேட்டேன். "வேகமா போனா போதும் மாமா"ங்கிறான். டிராக்ல அப்படி இல்ல. மைதானத்துலயே பெரிய ஆளா இருக்க தேவையில்ல, நம்ம கிளாஸ்ல பக்கத்து லேன்ல நிக்கிறவன முந்தினா போதும். கிளாஸ முடிவு பண்ணிட்டு அப்புறம் இன்ஜின் தேடணும், இவன் தலைகீழா வர்றான்.

ஜனவரி 13

பின் சீட்டு, ஸ்டெப்னி, கார்பெட், இடது பக்க சீட்டு, ஏசி மொத்தமும் கழட்டியாச்சு. போகிக்கு பழச கழிக்க சொன்னா காரையே கழிக்கிறீங்களாடான்னு அக்கா கேட்டுச்சு.

ஜனவரி 18

ஆத்துத் திருவிழான்னு ஊர் பூரா பெண்ணையாத்து பக்கம் போயிடுச்சு, நாங்க எடை மேடைக்கு போனோம். மத்த நாள்ல நெல்லிக்குப்பம் போற கரும்பு லோடு வரிசையா நிக்கும், இன்னைக்கு ஒருத்தரும் இல்ல. அந்த மேடை 10 கிலோ 10 கிலோவாத்தான் காட்டும், 690னு காட்டினா 686ஆவும் இருக்கலாம் 694ஆவும் இருக்கலாம், அத மனசுல வெச்சுக்கணும். முழு வண்டியும் ஏத்தினா 690. அப்புறம் முன் சக்கரம் ரெண்டு மட்டும் மேடையில நிக்கிற மாதிரி மெதுவா உருட்டி நிறுத்தினோம், 430. பின்னாடி மட்டும் 260. மேடைக்காரர் என்னப்பா ஒரே வண்டிய மூணு தடவ போடுறீங்க, லோடு எங்கன்னு முழிக்கிறார்.

இந்த 430தான் எனக்கு வேணும். இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி. கிளட்ச விட்டதும் மூக்கு தூக்கும், வெயிட்டு பின்னாடி ஓடும். வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடு தூரம்) 2335 எம்எம், வெயிட்டோட மையம் தரையில இருந்து அரை மீட்டர்னு வெச்சுக்கிட்டா நல்லா எடுக்கிற நேரத்துல ஒரு 80 கிலோ இழுக்கிற சக்கரத்த விட்டு போயிடுது, டயர் சும்மா சுத்தி புகை விடும். அமெரிக்காவுல பேட்டரிய டிக்கில வெக்கிறாங்களே நாமளும் வெக்கலாமான்னு பையன் கேட்டான். அங்க அந்த வண்டிங்க பின் சக்கரத்துல தள்ளுது, அதனால வெக்கிறான். நாம வெச்சா நம்ம கால்ல நாமளே கல்லு போட்டுக்கிற மாதிரி.

பையனையும் ஏத்தி நிறுத்தினேன், ஹெல்மெட் ஷூவோட 75. பொங்கல்ல அக்கா வெச்ச சாப்பாடு நல்லா தெரியுது.

ஜனவரி 19

ராத்திரி பூரா என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) நடத்துற ஸ்டாக் எலிமினேட்டர் பிரிவு பத்தியே பேச்சு. அங்க வெறும் சிசிய வெச்சு பிரிக்கிறது இல்ல. கம்பெனி சொன்ன வெயிட்ட எச்பியால வகுத்து, வர்ற நம்பருக்கு ஏத்த மாதிரி எழுத்து போட்டு கிளாஸ். அதுவும் கம்பெனி சொல்ற எச்பி இல்ல, என்எச்ஆர்ஏவே திருத்தி வெச்சிருக்கிற எச்பி. ஏன்னா கம்பெனிக்காரன் பொய் சொல்லுவான். 1968ல ஃபோர்டு 428 கோப்ரா ஜெட் இன்ஜின 335 எச்பின்னு எழுதிக் குடுத்தான், நிஜத்துல அதுக்கு மேல நல்லாவே இருந்துச்சு, பேப்பர்ல கம்மியா இருந்ததால மெதுவான வண்டிங்க இருக்கிற கிளாஸ்ல போய் உக்காந்துச்சு, அந்த வருஷம் போமோனா வின்டர்நேஷனல்ஸ் போட்டில சூப்பர் ஸ்டாக் பிரிவு பட்டத்த ஆல் ஜோனியெக்ங்கிற டிரைவர் அதுலதான் அடிச்சார். ஷெவர்லே எல்88 இன்ஜினும் இதே கதை, 430னு எழுதிட்டு 500க்கு மேல. இப்பல்லாம் ரொம்ப வேகமா ஓடினா எச்பிய ஏத்திடுறாங்க, அதனால கடைசி கொஞ்ச தூரத்துல வேணும்னே பிரேக் புடிக்கிறவனும் இருக்கான். எந்த சட்டம் போட்டாலும் அதுல ஒரு ஓட்டை தேடுறதே பாதி ரேஸ்.

அதே என்எச்ஆர்ஏவோட இன்னொரு பிரிவு ப்ரோ ஸ்டாக் 1970ல ஆரம்பிச்சப்போ ஒரு கியூபிக் இன்ச்சுக்கு 7 பவுண்டுன்னு வெயிட்டு. சின்ன பிளாக் இன்ஜினுக்கு 1972ல கொஞ்சம் சலுகை குடுத்ததும் பில் ஜென்கின்ஸ்ங்கிற ரேஸர் குட்டி ஷெவர்லே வேகா வண்டிய எடுத்துட்டு வந்து கிரைஸ்லரோட பெரிய ஹெமி இன்ஜின் வண்டிங்கள ஓட விட்டார். சும்மா அந்த 7 பவுண்டுல நம்ம 1298 சிசிய போட்டு பார்த்தேன், 250 கிலோ வருது. புல்லட்டு மேல தகரம் அடிச்சாத்தான் உண்டு.

ஜனவரி 22

பாண்டி தட்டாஞ்சாவடி லேத்துக்கு பிளாக்கோட போனோம். சிலிண்டர் மேல் விளிம்புல நகத்த வெச்சு இழுத்தா மாட்டுது, ரிங் தேய்ச்ச படி. லேத்து அண்ணன் டயல் கேஜ விட்டு நாலு சிலிண்டரும் அளந்து பார்த்துட்டு 0.50 எம்எம் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா சுத்தமா வந்துடும்னார். ஸ்டாண்டர்டு போர் (சிலிண்டர் விட்டம்) 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்குற தூரம்) 75.5, அரை எம்எம் ஏத்தினா 1316 சிசி. பையனுக்கு 1400 வரைக்கும் போகணுமாம். அதுக்கு போர் 76.8 வேணும். அண்ணன் சிரிச்சிட்டு "அப்புறம் ரேடியேட்டர் தண்ணி சிலிண்டருக்குள்ளதான் ஓடும் தம்பி"ன்னார்.

அப்போ டர்போ போடலாமான்னு அடுத்த ஐடியா. எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் சங்கம்) கணக்குல டர்போ இருந்தா சிசிய 1.7ஆல பெருக்குவாங்க, 1316 ஆனது 2237 ஆயிடும், எங்கயோ ரெண்டு லிட்டர் வண்டிங்களோட நிக்கணும். வாய மூடிட்டான்.

ஜனவரி 25

நாங்க ஓடப்போற டிராக் ரேஸ் மீட்டுக்கான ரூல்ஸ் வந்துடுச்சு. எங்க கிளாஸ் 1400 சிசி வரைக்கும், டிரைவரோட சேர்த்து குறைஞ்சது 800 கிலோ. நாம 690ம் 75ம் 765. கழட்டினதெல்லாம் வீணான்னு பையன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கிட்டான். நான் சந்தோஷப்பட்டேன். 800க்கு சரியா இருக்கிற வண்டிக்காரனுக்கு வெயிட்டு எங்க இருக்குதோ அங்கதான், நமக்கு 35 கிலோவ எங்க வேணா வெச்சுக்கலாம். பின்னாடி எடுத்தத முன்னாடி வெப்போம்.

காலுமைல் டைமுக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கு, நம்ம கிலோவுக்கு மாத்தினா 7.58ஐ, ஒரு எச்பிக்கு எத்தன கிலோன்னு வர்றதோட கனமூலத்தால பெருக்கணும். 85 எச்பிக்கு 765 கிலோன்னா 15.8 செகண்டு, 800னா 16. வீல் சுத்தாம இருந்தாத்தான் இந்த டைமே. 1100 கிளாஸ்ல பழைய இன்ஜினோட ஓடலாமேன்னு மெக்கானிக் சொன்னார், அதுவும் மோசமில்ல, ஆனா 993ங்கிறது வரம்புக்கு நூறு சிசி கீழ நிக்குது, எதிராளி 1086 சிசியோட வந்தா கிரிட்லயே ஏமாந்து போற மாதிரி.

நடுவுல ஈசிஆர் ரோட்டுல ஒருக்கா ஓட்டிப் பார்க்கலாமான்னான் பையன். அதுக்கு வேற மாமாவ பாருன்னுட்டேன்.

ஜனவரி 27

16 எம்எம் இரும்பு பிளேட்டு, 2 அடிக்கு 2 அடி, கிட்டத்தட்ட 47 கிலோ. 35 போதுமே ஏன் இவ்ளோன்னா, நம்ம எடை மேடையும் அவங்க தராசும் ஒத்துப்போகும்னு நான் நம்பல, ஓடி முடிச்சப்புறம் பெட்ரோல் குறைஞ்சிதான் வெயிட்டு போடுவாங்க, 2 கிலோ கம்மின்னு ஜெயிச்ச ரன்ன அடிச்சு விட்டா யார்கிட்ட போய் அழுறது. ரெண்டு துண்டா வெட்டி இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல ஒண்ணு மேல ஒண்ணா போல்ட்டு. டிரைவர் வலது பக்கம், அதனால சைடும் சமமாகும். தகரத்துல மட்டும் போல்ட்டு புடிச்சா பிரேக்குல பிச்சுக்கும், அடியில பட்டி வெச்சு நாலு 10 எம்எம் போல்ட்டு போட சொல்லியிருக்கேன்.

பிஸ்டன் செட்டு சென்னைல இருந்து வியாழக்கிழமை வருது. இன்ஜின் உள்ள ஏறினதும் மறுபடி எடை மேடை, இந்த தடவ கரும்பு லாரிக்கு நடுவுலதான் நிக்கணும்.