"அப்ப சரி அம்மா"

நான் சொன்னது அவ்வளவுதான். உணவு பதப்படுத்தும் வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்பிக்கொண்டிருந்த நேரம், குருநகரிலிருந்து வரும் அம்மா ஒருவர் பையிலிருந்து ஜாம் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே இறால், மேலே ஒரு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய், மூடியைச் சுற்றி மெழுகு. "கனடாவில இருக்கிற மகனுக்கு அனுப்பத்தான், பிள்ளை. போத்தலோட ரெண்டு மணித்தியாலம் அவிச்சனான். பழுதாகாதுதானே?"

அவ்வளவு பாடுபட்டவரிடம் "இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று காலை நானே படிப்பித்தது இது. தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் 100 பாகைக்கு மேல் போகாது, ஆளைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கிற பொட்டுலினம் கிருமியின் வித்து அதில் சாகாது, அதற்கு அமுக்கத்தில் 121 பாகை வேண்டும். ஊறுகாயைப் புளிப்பும் உப்பும் காக்கும், புழுக்கொடியலை வெயில் காக்கும். புளிப்பில்லாத இறாலைக் காற்றுப் புகாமல் எண்ணெய்க்குள் அடைத்தால் அந்தக் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. 2015இல் அமெரிக்காவின் ஒகாயோவில், தேவாலய விருந்தொன்றில் 29 பேர் விழுந்தது வீட்டில் போத்தலில் அடைத்த உருளைக்கிழங்கால், ஒருவர் இறந்தும் போனார். அதையும் வெறும் கொதிதண்ணீரில்தான் அவித்திருந்தார்கள். இதையும் காலையில் நான்தான் சொன்னேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவர் கேட்டது வகுப்புக்கு வெளியே, என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் உண்மையும்தான். ஆனால் அவர் கேட்டது என்னிடம்.

இரவு மனம் கேளாமல் போன் எடுத்தேன். போத்தல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வானில் போய்விட்டது. "சாப்பிட முதல் பத்து நிமிஷம் நல்லாக் கொதிக்க வைக்கச் சொல்லுங்கோ" என்றேன், கொதித்தால் அந்த நஞ்சு அழியும் என்பதால். "பொரிச்ச இறாலை ஆர் பிள்ளை திரும்பக் கொதிக்க வைக்கிறது?" என்று சிரித்தார். எறியச் சொல்லுங்கோ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு வந்த நாட்களில், அந்த நஞ்சால் கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது என்று முன்பின் தெரியாத ஒரு பொடியனை நினைத்தபடியே இருந்தேன். மணத்திலோ ருசியிலோ அவனுக்கு ஒன்றும் பிடிபடாமலே போகலாம்.

அடுத்த வகுப்புக்கு அம்மா சந்தோஷமாக வந்தார். மகன் சாப்பிட்டு முடித்துவிட்டானாம், ஒன்றும் செய்யவில்லையாம். எனக்கு உயிர் வந்தது. அன்றாவது உட்கார வைத்து விளக்கினேன். கேட்டார், தலையாட்டினார், "அவன் சாப்பிட்டவன்தானே பிள்ளை" என்றார்.

இப்போது அவருடைய ஒழுங்கையில் நாலைந்து பேர் அதே மாதிரி இறால் அடைக்கிறார்கள். "வகுப்பில கேட்டனான், சரி எண்டவ" என்று சொல்லித்தான் பழக்குகிறாராம்.