கொடை வரி நோட்டை வைத்து ஓர் ஊரை அடுக்குகிறேன்

சாத்தான்குளம் பக்கம், தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரே தெரு, இரண்டு கிணறு, மீதியெல்லாம் பனை. தாராவியில் இருக்கும் ஊர்க்காரர்கள் இன்றும் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி கட்டுகிறோம். அந்த வரி நோட்டுகளின் ஜெராக்ஸ் ஒன்று பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்தது. குடும்பக் கொடிவழி எழுதலாம் என்று ஆரம்பித்தவன், அது கைக்கு வந்தபின் ஊரையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் செல்போன் ஆப் ஒன்றில்தான் ஏற்றினேன். அது சர்நேம் கேட்கிறது. நமக்கேது? பம்பாய்ப் பள்ளியில் சேர்க்கும்போது கேட்டார்களே என்று அப்பா பெயரை எழுதி வைத்ததில், எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு சர்நேம். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடித்த கல்யாணங்கள் வேறு; ஒரே ஆளை ஆப் இரண்டு இடத்தில் காட்டியது. சரி என்று விட்டுவிட்டு, சார்ட் பேப்பரை நீளமாக ஒட்டிப் பென்சிலை எடுத்தேன்.

நோட்டின் பழைய பக்கம் ஒன்றில் தலைப்பு இப்படி இருக்கிறது: ‘1119௵ ஆடி௴’. ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம். அது கொல்லம் ஆண்டு. எங்கள் பக்கம் ஆவணியில் பிறக்கும். மார்கழி பாதிக்குப் பிறகு ஆடி வரையென்றால், ஆங்கில ஆண்டுக்கு 825 கூட்ட வேண்டும். ஆவணி முதல் மார்கழி பாதி வரை 824. ஆக இது 1944. கீழேயே ‘தாரண’ என்றும் எழுதியிருக்கிறது. 1944 சித்திரையில் பிறந்தது தாரண வருஷம்தான். இரண்டும் ஒத்துப்போனதில் எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆண்டே எழுதாத பக்கங்களில் வரித்தொகைதான் துப்பு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ‘2-8-0’ என்று அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது, ‘2.50’ என்றால் பிந்தியது. கணக்கு எழுதும் பெரியவர்கள் பழக்கத்தை லேசில் விடமாட்டார்கள். அதனால் சில வருஷம் முன்பின் வைத்துக்கொள்கிறேன்.

வரி தலைக்கட்டுக்கு, அதாவது கல்யாணமான ஆணுக்கு. எனவே ஒருவர் பெயர் முதன்முதலாக வரும் வருஷத்தை ஒட்டித்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். இதைப் பிடித்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தாத்தா பெயரே பேரனுக்கும் இருப்பதால் வரும் குழப்பமும் பாதி தீர்ந்தது.

பெயர்களுக்குப் பக்கத்தில் ‘கொ’, ‘ப’ என்று குறி இருக்கும். கொழும்பு, பம்பாய். 1944இல் ‘கொ’தான் அதிகம். 1948இல் இலங்கையில் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்து, போய்வருவது இறுகியது. அடுத்தடுத்த நோட்டுகளில் ‘கொ’ தேய்கிறது, ‘ப’ ஏறுகிறது. எங்கள் தாத்தாவும் அப்படி ஒரு ‘ப’. எழும்பூர் வரை சின்ன லைன் வண்டி, அப்புறம் சென்ட்ரல் போய் பம்பாய் ரயில். கையில் ஒரு கருப்பட்டிச் சிப்பம். ஏதோ ஆசைப்பட்டுக் கிளம்பி வந்தார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நோட்டைப் பார்த்தால் தெருவே திசை மாறியிருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் நோட்டு கையை விரித்துவிடுகிறது. புருஷன் செத்த பிறகுதான் பெண் அதில் வருகிறாள், அரை வரிக்கு. அதுவும் ‘இன்னார் சம்சாரம்’ என்று. இதற்காக சயான் கோலிவாடாவில் இருக்கும் ஆச்சியிடம் போனேன். பூட்டி பெயர் என்ன என்று கேட்டதற்கு, “உடங்குடியான்னுதான் கூப்பிடுவாவ. தேரி மண்ணு பறந்து வந்து கெணத்த மூடுன வருசம்லா அவ வாக்கப்பட்டு வந்தா” என்றார். ஆடிக் காற்றில் அந்தச் செம்மண் மணல் இடம்பெயர்வது உண்மைதான். எந்த ஆண்டு என்பதை இனித் தேட வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் பிறந்த ஊர் கிடைக்கிறதே என்று சார்ட்டில் பெண்களுக்கு மட்டும் ஊர்ப்பெயரைச் சிவப்புப் பென்சிலில் எழுதி வருகிறேன். உடன்குடி, நாசரேத், திசையன்விளை.

ஆண்கள் வரிசை 1944 முதல் 1970 வரை ஏறக்குறைய நிறைந்துவிட்டது. உடன்குடியில் பிறந்த இன்னோர் ஆச்சி, பம்பாய் பக்கம் கல்யாண் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். மத்தியானம் தூங்கிவிடுவார், காலையிலேயே வந்துவிடுங்கள் என்று மகன் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் போக வேண்டும்.