வீடு கேட்டால் தோட்டம்: ‘ஒதுக்கீடு’ படுத்தும் பாடு

பிரிட்டனுக்கு வந்த புதிதில் கவுன்சிலுக்கும் (உள்ளாட்சி மன்றம்) ஜாப்சென்டருக்கும் (அரசு வேலைவாய்ப்பு, உதவித்தொகை அலுவலகம்) எழுதும் கடிதங்களில் நம்மவர்களை அதிகம் இடறிவிடுவது ‘ஒதுக்கு’ என்ற சொல். வீடு, நிதி, வேலை, இருக்கை எல்லாவற்றையும் தமிழில் ஒதுக்கிவிடலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை.

சென்னையில் அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்தால் வீடு கிடைத்த மாதிரி. இங்கே கவுன்சிலுக்கு ‘அலாட்மென்ட்’ என்று எழுதினால், காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலம் கேட்கிறீர்கள் என்றே படிப்பார்கள். அதன் மரபான அளவு 10 ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். குடியிருக்கவா முடியும்? வீட்டுக்கு உரிய சொல் ‘அலொகேஷன்’. இங்கிலாந்தில் 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் ஆறாம் பகுதியும் அந்தச் சொல்லைத்தான் ஆள்கிறது. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்தால் ‘ஆஃபர்’ என்று எழுதுங்கள்.

இதைவிட ஆபத்தானது ‘சாங்ஷன்’. ஊரில் லோன் சாங்ஷன், லீவ் சாங்ஷன் என்றால் நல்ல செய்தி. இங்கே அரசு தரும் உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டில் அது தண்டனை: ஒப்புக்கொண்ட நிபந்தனையைத் தவறவிட்டதற்காகப் பணத்தைக் குறைப்பது. பணம் வந்துவிட்டது என்று சொல்ல நினைத்து ‘மை பேமென்ட் வாஸ் சாங்ஷன்ட்’ என்று எழுதினால், வெட்டிவிட்டார்கள் என்று முறையிடுவதாகவே படிக்கப்படும். லீவுக்கும் கடனுக்கும் ‘அப்ரூவ்’ போதும்.

அடுத்த தொல்லை ‘வித்’. ‘ஐ வாஸ் அலொகேட்டட் வித் எ ஃபிளாட்’ என்று எழுதுகிறோம். ‘புரொவைட்’ ஆளை முன்னே வைத்தால் ‘வித்’ கேட்கும். அந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. அதை எடுத்துவிடுங்கள்: ‘ஐ வாஸ் அலொகேட்டட் எ ஃபிளாட்’. பெறுபவருக்கு ‘டு’, நோக்கத்துக்கு ‘ஃபார்’: பணம் குழுவுக்கு என்றால் ‘டு தி டீம்’, பயிற்சிக்கு என்றால் ‘ஃபார் டிரெய்னிங்’. ‘அசைன்’ இருபக்கமும் ஓடும். வேலையை ஆளுக்கும் கொடுக்கலாம், ஆளை வேலைக்கும் போடலாம், இரண்டுக்கும் ‘டு’தான். ‘டிஸ்ட்ரிபியூட்’ பலருக்குப் பிரித்துக் கொடுப்பது. மேலாளர் ஒருவருக்கு மட்டும் ஒரு லேப்டாப் கொடுத்ததை அந்த வினையில் எழுதினால் சிரிப்பார்கள்.

‘டிஸ்பர்ஸ்’ இரண்டு உண்டு. காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ‘பி’ எழுத்து வருவது (disburse) கடனையோ உதவித்தொகையையோ வழங்குவது. அதற்குப் பதில் ‘பீப்பிள்’ சொல்லின் முதலெழுத்து வருவது (disperse) கலைந்து பரவுவது. அகதித் தஞ்சம் கோருவோரை நாட்டின் பல ஊர்களுக்கு அனுப்பித் தங்கவைக்கும் ‘டிஸ்பர்சல்’ இந்த இரண்டாவது.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு பொறி. ‘அலாட்’ சொல்லின் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால், இறந்த காலத்தில் ‘டி’ இரட்டிக்கும் (allotted). ‘அலாட்மென்ட்’ சொல்லில் இரட்டிக்காது. இந்த வினையை ‘ஏ’ தனி, ‘லாட்’ தனி எனப் பிரித்து எழுதிவிட்டால் அது ‘நிறைய’ ஆகிவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப் பிழைதிருத்தி பெரும்பாலும் வாயைத் திறக்காது.