யூனிபார்ம் பையில் வந்த சாவி

என் அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போய்விடுவார். அசதி என்று அவர் சொல்லிக் கேட்டதே இல்லை. அதனாலேயே, பதினோரு வருடம் தாதியாக வேலை பார்த்தும், மன அழுத்தம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். நிழலில் நின்று செய்கிற வேலைதானே!

மூன்று இரவு வேலை, ஒரு நாள் ஓய்வு, அப்புறம் மத்தியான வேலை. இரவு ஒன்பதரைக்கு வீட்டில் யூனிபார்மைத் துவைக்கப் போட்டபோது பையில் ஏதோ தட்டுப்பட்டது. மோர்பின் வைத்திருக்கும் அலமாரிச் சாவி! வலியில் யாராவது காத்திருப்பார்களே என்று மழையிலேயே மோட்டாரில் திரும்ப ஓடினேன். அடுத்த வாரமும் அதே கதை. இடையில் ஒரு தாத்தா தண்ணீர் கேட்டதற்கு எரிந்து விழுந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில் அக்கா சொல்லித்தான் தெரியும்.

வார்டு சிஸ்டர் திட்டவில்லை. கிளினிக்குக்குப் போகச் சொன்னார். அங்கே மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றையும் அளக்கிற டாஸ் 21 (DASS-21) என்ற படிவம். கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஓய்ந்து உட்கார முடிகிறதா என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. அழுத்தத்துக்கான ஏழு கேள்விகளில் எனக்கு 12. மிதமான அளவு என்றார்கள். வேலையில் வெந்து போவதை, அதாவது 'பர்ன் அவுட்' என்பதை, உலகச் சுகாதார நிறுவனம் நோயாகக் கணக்கிடுவதில்லை, வேலையோடு வரும் நிலை என்றுதான் சொல்கிறது என்று கவுன்சலர் விளக்கினார். சோர்வு, வேலை மீது வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற நினைப்பு: மூன்றும் எனக்குப் பழக்கமானவை. சோம்பேறித்தனம் என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

மூச்சுப் பயிற்சி எனக்கு ஒத்துவரவில்லை. உதவியது வேறு. மற்றவர்களுடைய ஷிப்டை மாற்றி எடுப்பதை நிறுத்தினேன். சிலருக்குக் கோபம்தான். ஓய்வு நாளில் வார்டு வாட்ஸ்அப் குழுவை ஊமையாக்கினேன். இரவு வேலையில் இரண்டு மணிக்கு மேல் காப்பி கிடையாது. கிளம்புமுன் பையைத் தடவிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து மதிப்பெண் 8. அம்மாவிடம் சொன்னேன். "எனக்கும் கையெல்லாம் நடுங்கும்டி, யார்கிட்ட சொல்றது" என்றார்.

வார்டில் ஆள் குறைச்சல் அப்படியேதான். இந்த மாத அட்டவணையில் எனக்கு ஏழு இரவு.