ஒரு சேன் தெனியிலிருந்து இன்னொரு சேன் தெனிக்கு

நான் இருப்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவின் தலைநகரான சேன் தெனியில். பாரிஸை ஒட்டி வடக்கே இன்னொரு சேன் தெனி இருக்கிறது. 2024 ஒலிம்பிக்கின் பெரிய மைதானம் அங்கேதான். கல்யாணமாகிப் புதுச்சேரியிலிருந்து இங்கே வந்து பதினாலு வருஷமாகிறது, இன்னும் இந்தப் பெயர்க் குழப்பம் தீரவில்லை. "ஒலிம்பிக் நம்ம நாட்டுல நடக்குதாம்" என்று மகனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அங்க போக எத்தனை மணி நேரம் ஆகும்?" பதினோரு மணி நேரம், விமானத்தில். நம்ம நாடுதான்.

டிக்கெட்டுக்குக் குலுக்கல் என்றார்கள். 2023 ஜனவரி கடைசிக்குள் பெயர் பதிய வேண்டும், பதிந்தேன். முதல் சுற்றில் மூன்று போட்டிகள் சேர்ந்த தொகுப்புகள்தான் விற்றார்கள், அதில் எனக்கு அதிர்ஷ்டம் இல்லை. மே மாதம் தனி டிக்கெட் சுற்று வந்தது. இந்த முறை மின்னஞ்சல் வந்துவிட்டது: இந்த நாள், இந்த நேரம் முதல் 48 மணி நேரம் உங்களுக்கு. பாரிஸ் நேரம் காலை பத்து என்றால் இங்கே பகல் பன்னிரண்டு. அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

மகன் கேட்டது ஹேண்ட்பால். இந்தத் தீவில் அதன்மேல் ஒரு தனிப் பித்து. 2004 ஏதென்ஸில் பிரான்ஸ் கொடியை ஏந்திப் போன ஜாக்சன் ரிச்சர்ட்சன் எங்கள் சேன் பியேரில் பிறந்தவர். மகனும் கிளப்பில் ஆடுகிறான். ஆனால் வரிசை நகர்ந்து நான் உள்ளே போனபோது ஹேண்ட்பால் முழுக்கச் சாம்பல் நிறம், விற்றுத் தீர்ந்துவிட்டது. அந்தப் பெயர்பெற்ற, ஆகக் குறைந்த விலையான 24 யூரோ டிக்கெட் எங்கே தேடியும் இல்லை. பேட்மின்டன் மட்டும் ஒரு ஞாயிறு காலைக்கு இரண்டு இடம் காட்டியது. விலை இரு மடங்குக்கு மேல். சரி, கிடைத்தவரை லாபம் என்று கூடையில் போட்டேன்.

அப்புறம்தான் வினை. பணம் கட்ட விசா அட்டை மட்டும்தான் எடுக்கும். என்னிடம் இருப்பது வேறு அட்டை, என் கணவரிடமும் அதே. கூடையின் மேலே கடிகாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். நாலு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் மாரியம்மன் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பாடுவார். அவரிடம் விசா இருந்தது. எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். வங்கியிலிருந்து வரும் குறியீடு அவர் போனுக்கு வராமல் அவருடைய மகன் போனுக்குப் போனது. மகன் கடைக்குப் போயிருக்கிறான். நான் இந்தப் பக்கம் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவர் அந்தப் பக்கம் மாடியிலிருந்து தெருவைப் பார்த்து மகனைக் கூப்பிடுகிறார். ஆறு இலக்கம் வந்து சேர்ந்தபோது ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் மிச்சமிருந்தது.

இதை அன்றிரவு புதுச்சேரியில் அம்மாவிடம் சொன்னேன். "விசா இல்லேன்னா டிக்கெட் தரமாட்டாங்களாம்மா" என்றதும் அவர் பதறிப்போனார். "உனக்குத்தான் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு இருக்கே, அப்புறம் எதுக்குடி விசா?" விளக்கி முடிக்க டிக்கெட் வாங்கியதைவிட நேரமாயிற்று.

மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு மே 15இல் அதிகாரபூர்வ மறுவிற்பனை தொடங்கியதும் ஹேண்ட்பாலுக்காகத் தினமும் பார்த்தேன். சிக்குவதெல்லாம் ஒற்றை இடம். தட்டுவதற்குள் அதுவும் போய்விடும். விட்டுவிட்டேன்.

விமான டிக்கெட் பற்றிச் சுருக்கமாக: ஜூலை, ஆகஸ்ட் விலை ஆளுக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டியது. அதனால் கணவர் வீட்டிலேயே தங்கினார், நானும் மகனும் மட்டும்.

தங்கப்போவது அவருடைய அத்தை வீட்டில், அந்தச் சேன் தெனியில். வாராவாரம் போனில் அத்தையின் புலம்பல் கேட்டுக் கேட்டு, போகத்தான் வேண்டுமா என்றே ஒரு கட்டத்தில் தோன்றியது. 2023 இலையுதிர்காலத்தில் மூட்டைப்பூச்சி. "மெத்ரோவுல உக்காரவே பயமா இருக்கும்மா, நின்னுக்கிட்டே போறேன்." அப்புறம் சீன் நதி. 1923 முதல் குளிக்கத் தடை இருந்த ஆறு, ஒலிம்பிக்கில் அதில் நீந்துவதற்காகச் சுத்தம் செய்ய 140 கோடி யூரோ. அப்போதைய பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ 2024 ஜூலை 17 அன்று இறங்கி நீந்தியே காட்டினார். அத்தை அசரவில்லை. "அவங்க நீந்தட்டும், நான் கால்கூட வைக்கமாட்டேன்." எனக்குச் சிரிப்புதான். எங்கள் தீவைச் சுற்றிலும் கடல், ஆனால் 2013 முதல் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத பகுதியும் காவலுள்ள இடங்களும் தவிர மற்ற இடத்தில் சுறாவுக்குப் பயந்து நீந்தத் தடை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குளிக்காமல் இருப்பது எங்களுக்குப் பழகிய விஷயம்.

எங்கள் தீவில் அதிகம் பேசப்பட்டது பசிபிக் கடலில் இருக்கும் இன்னொரு பிரெஞ்சுத் தீவான தஹீத்தி. அலைச்சறுக்குப் போட்டி அங்கே தெயாஹுப்போவில். நடுவர்களுக்காக மரக் கோபுரத்தை எடுத்துவிட்டு அலுமினியக் கோபுரம் கட்டப் போய், 2023 டிசம்பரில் சோதனைக்கு வந்த தோணி பவளத்தை உடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் முன்பே எதிர்த்ததால் கோபுரத்தைச் சிறிதாக்கியிருந்தார்கள், அப்படியும் இது நடந்தது. உடைந்த பவளம் என்னவென்று தீவுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எதிர்வீட்டு அம்மா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிட்டார்.

அதே அம்மாதான் 2024 ஜூன் 12 அன்று, ஒலிம்பிக் சுடர் எங்கள் தீவுக்கு வந்த நாளில், விடிவதற்கு முன்பே எங்கள் கதவைத் தட்டியவர். சாலையோரம் ரொம்ப நேரம் நின்றோம். விளம்பர வண்டிகள், போலீஸ், மறுபடி விளம்பர வண்டிகள். பிறகு வெள்ளைச் சீருடையில் ஒருவர் மெதுவாக ஓடி வந்தார். ஒவ்வொருவருக்கும் சுமார் இருநூறு மீட்டர்தான். எங்கள் முன்னால் இருந்தது சில வினாடிகள். அந்த அம்மா கோயிலில் தீபாராதனைக்குச் செய்வதுபோல இரண்டு கையையும் நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகன் அதைக் கேலி செய்யவில்லை, அவன் கை பாதி வழி போய் நின்றதை நான் பார்த்தேன்.

ஜூலை 24 காலை பாரிஸ். புறப்பட்ட விமான நிலையத்தின் பெயர் ரோலான் கரோஸ். டென்னிஸ் நடக்கப்போகும் மைதானத்தின் பெயரும் அதுவே. இரண்டும் 1888இல் எங்கள் சேன் தெனியில் பிறந்த விமானியின் பெயர். "டென்னிஸ் ஆடாத ஆளு பேர்ல டென்னிஸ் மைதானமா?" என்று மகன் வழியெல்லாம் கேட்டான்.

அத்தை எல்லாம் தயாராக வைத்திருந்தார். ஜூலை 20 முதல் ஒற்றை மெத்ரோ டிக்கெட் 2.15இலிருந்து 4 யூரோவுக்கு ஏறும் என்று தெரிந்து, அதற்கு முன்பே இரண்டு அட்டை வாங்கிப் பத்துப் பத்துப் பயணம் ஏற்றிவைத்திருக்கிறார். மாதக்கணக்கில் புலம்பியவரின் ஏற்பாடு இது. அவர் மகனுக்குத்தான் நிஜமான தொல்லை. அவன் வேலை செய்யும் உணவகம் நதிக்கரையில், தடுப்பு வேலிக்குள்ளே. கியூஆர் அனுமதி காட்டித்தான் வேலைக்கே போக வேண்டும். உள்ளே போனால் வாடிக்கையாளர் இல்லாத மேசைகள்.

26ஆம் தேதி காலை அதிவேக ரயில் பாதைகளில் நாசவேலை என்று செய்தி. மாலை கொட்டும் மழையில், சீன் நதியில் படகு ஊர்வலமாகத் தொடக்க விழா. டிவி முன்னால் அத்தை, "நனைஞ்சிடப் போறாங்க பாவம்" என்று ஒவ்வொரு படகுக்கும் சொன்னார். சீன் நதியைப் பற்றி அன்று ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை.

ஞாயிறு காலை வெயில். அரங்கம் போர்த் து லா ஷப்பேலில், புதிதாகக் கட்டியது. அத்தை வீட்டிலிருந்து மெத்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம். அன்று பி. வி. சிந்துவின் ஆட்டம் என்று முந்தின நாள்தான் தெரிந்தது. மகன் ஹேண்ட்பால் கிளப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் வந்தான், அவன் எதிர்ப்பு அது. வாசலில் போனை நீட்டினேன், வெளிச்சத்தில் குறியீடு படியவில்லை. தன்னார்வலப் பெண் கையால் நிழல் கட்டினாள், பீப் அடித்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"சேன் தெனி."

"அட, பக்கத்துலயே! நடந்தே வந்திருக்கலாமே?"

மகன் என்னைப் பார்த்தான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனோம்.