அரியாங்குப்பம் வழியாகத் திரு இருதயக் கோயிலுக்கு

மகளுக்கு வேலை கிடைத்தால் புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் கோயிலில் 5,000 ரூபாய் காணிக்கை போடுவதாக நேர்ந்திருந்தேன். வேலை கிடைத்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். அரியாங்குப்பம் வந்தபோது வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தங்கை வீடு அங்கேதான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் அந்தக் கோத்திக் கோயிலைப் பார்த்தாலே எனக்கு மனசு இளகிவிடும். 1907இல் திறந்தது, 2011இல் பசிலிக்கா என்ற சிறப்பு நிலை பெற்றது. வண்ணக் கண்ணாடி வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முள் சுற்றித் தீ எரியும் தம் இருதயத்தைத் திறந்து காட்டியபடி ஆண்டவர்.

பூசை தொடங்கியது. "சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும்" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டபோது, இதில் சிந்தனை ஏன் முதலில் வருகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். நற்செய்தி வாசகம் மத்தேயு 5ஆம் அதிகாரம், மலைப்பொழிவு. கொலைக்கு முன்பே கோபத்தையும், விபசாரத்துக்கு முன்பே பார்வையையும் இயேசு பிடித்து நிறுத்துகிறார். அப்புறம் ஆணையிட்டுச் சத்தியம் செய்யவே வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்கிறார். கோபத்தையும் சத்தியத்தையும் ஒரே மூச்சில் சொல்வது முன்பெல்லாம் எனக்குப் புரிந்ததில்லை.

அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தங்கை தன் செயினை அடகு வைத்தாள். என் பங்கு 40,000. அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது, "மாதா மேல சத்தியமா தரேன்மா" என்றேன். இரண்டு வருடம் ஆயிற்று. பணம் இல்லாமல் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் அவள் மெதுவாகக் கேட்டபோது வாய் திறந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளுக்குள் மட்டும் திட்டாத திட்டு இல்லை. யோசித்துப் பார்த்தால், அன்று 'தரேன்' என்று சொன்னபோதே மனசு 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னது. அதை மறைக்கத்தான் மாதாவை இழுத்தேன். வாக்கு அப்போதே போயிற்று.

சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உறவாகு என்பதும் அதே வாசகத்தில் வருகிறது. காணிக்கை எடுக்க வந்தார்கள். கவரை எடுக்கவில்லை. நற்கருணை அப்பம் வாங்கவும் எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்ததும் பஸ் பிடித்தேன்.

கதவைத் திறந்தவள், "வாண்ணா, சாப்பிட்டியா?" என்றாள். அழுகை வந்துவிட்டது. கவரை அவளிடம் நீட்ட ஒரு கணம் கை போயிற்று. ஆனால் அது ஆண்டவருக்கு நேர்ந்த பணம். "நாளைக்குக் கொண்டு வரேன்" என்றேன். சத்தியம் எதுவும் செய்யவில்லை.

திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் 40,000 எடுத்துப் போய்க் கொடுத்தேன். உள்ளுக்குள் திட்டியதையும் சொன்னேன். "எனக்கும் இருந்துச்சுண்ணா" என்றாள்.

அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கு இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போனோம். பூசைக்கு முன்னால் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மகளுக்காக நேர்ந்த 5,000ஐ அன்று போட்டேன்.